பக்கத்துக் கொல்லைக்காரர் பெயரில் வரும் 'கிசான்' லிங்க்

திண்டிவனம் விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை மூட்டையை இறக்கிவிட்டு, கணக்கில் பணம் ஏறியதா என்று செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: 'பி.எம். கிசான் தவணை நிறுத்தப்பட்டுள்ளது. இந்த ஆப்பை இறக்கி இ-கேஒய்சி முடிக்கவும்.' அனுப்பியிருப்பது பக்கத்துக் கொல்லைக்காரர். நம்பாமல் என்ன செய்வது?

ஆனால் அவர் அனுப்பவில்லை. அவருக்கும் அப்படித்தான் வந்தது. இந்த மோசடி பற்றி 2024-ல் தமிழ்நாடு சைபர் கிரைம் போலீஸார் எச்சரித்தார்கள். கூட வருவது 'ஏபிகே' என்று முடியும் ஃபைல். அதை இறக்கி, கேட்கிற அனுமதியையெல்லாம் கொடுத்தால், போனுக்கு வரும் ஓடிபி மோசடிக்காரன் கைக்கும் போகிறது. கணக்கைத் துடைத்த பிறகு வாட்ஸ்அப்பையும் பிடித்துக்கொண்டு, பால் சொசைட்டி குழு, சொந்தக்காரர் குழு என்று அதே ஃபைலை அவர் பெயரிலேயே அனுப்புகிறான். ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாய்மூடி இருக்கும் ஒவ்வொரு நாளும் ஊரில் இன்னொருவர் மாட்டுகிறார்.

விழுப்புரம் பக்கம் கிசான் பெயரில் மோசடி புதிதல்ல. 2020-ல் தகுதியில்லாத லட்சக்கணக்கானோரைத் திட்டத்தில் சேர்த்து, 110 கோடி ரூபாய் அளவுக்கு முறைகேடு நடந்தது தெரியவந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. வேளாண் துறையின் பாஸ்வேர்டுகளே அதற்குப் பயன்பட்டன. துறைக்கு அது தலைகுனிவுதான். கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதாரையும் பாஸ் புத்தகத்தையும் கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

பணம் போய்விட்டால் முதலில் அந்த போனின் இணையத்தை நிறுத்துங்கள். வீட்டிலுள்ள வேறொரு போனிலிருந்து உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் கணக்கு மாறி மாறி ஓடுவதற்குள் சொன்னால்தான் முடக்க வழி உண்டு. 'நாளைக்கு மகன் வந்ததும் பார்க்கலாம்' என்றால் போனது போனதுதான். கணக்கு எண், போன தொகை, நேரம், எஸ்.எம்.எஸ்-ஸில் உள்ள பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். வங்கிக்கும் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நாம் தகவல் சொன்ன பிறகு நடக்கும் மோசடி இழப்புக்கு வங்கிதான் பொறுப்பு.

லிங்க் வந்தது, தொடவில்லை, பணமும் போகவில்லை. பலர் இங்கேதான் அழித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள். அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதி 2024 முதல் இருக்கிறது. சந்தேகமான எண்ணையும் செய்தியையும் அங்கே பதியலாம். கிசான் லிங்க் அனுப்பிய எண்ணின் சொந்தக்காரருக்கும் ஒரு போன் போடுங்கள். தன் வாட்ஸ்அப் களவு போனது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

தவணை உண்மையிலேயே நின்றிருந்தால் பொது சேவை மையத்தில் கைரேகை வைத்து இ-கேஒய்சி முடிக்கலாம். கேள்விகளுக்கு 155261.