ஆற்றின் பெயரும் அங்காடியின் பெயரும்

‘ஒரு பேருக்காகவா எட்டு நாடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டுச்சு?’ என்று கேட்டார் நண்பர். இணைய முகவரி என்பது வெறும் தொழில்நுட்பச் சங்கதி, அதில் அரசியலுக்கு வேலையில்லை என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் சொல் (காம், ஆர்க் மாதிரி) உலகம் முழுமைக்கும் ஒருவரிடம்தான் இருக்க முடியும். எனவே ஒரு மூலப் பட்டியல், அதற்கொரு காவலர். 1998இல் கலிஃபோர்னியாவில் பதிவான ஐகேன் என்ற அமைப்பே அக்காவலர். அமெரிக்க அரசுடனான அதன் ஒப்பந்தம் 2016இல் முடிந்தது. பதிவு மட்டும் இன்றும் கலிஃபோர்னியாவில்தான்.

2012இல் புதிய சொற்களுக்கு விண்ணப்பம் கோரியது ஐகேன். ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர். யார் பேசலாம், யார் வாய்மூடி நிற்க வேண்டும் என்பதில் பாதி இந்தக் கட்டணத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அமேசான் நிறுவனம் தன் பெயரையே கேட்டது. பிரேசிலும் பெருவும் மறுத்தன. ஆற்றுப்படுகையின் மற்ற நாடுகளும் சேர்ந்துகொண்டன. நிறுவனத்தின் வாதம் எளிமையானது: நாடு, தலைநகர், மாநிலப் பெயர்களுக்கு விதிநூலில் பாதுகாப்பு உண்டு, ஆற்றுக்கு இல்லை. விதியை எழுதும்போது எவற்றை எண்ணாமல் விட்டார்களோ அவையெல்லாம் ‘பொது’ ஆகிவிடுகின்றன. பொதுவானதைக் காசுள்ளவன் எடுத்துக்கொள்ளலாம். நடுநிலை என்ற சொல்லாடல் இயங்கும் விதம் இதுதான்.

2013 ஜூலையில் டர்பனில் கூடிய அரசுகளின் ஆலோசனைக் குழு விண்ணப்பத்தை ஏற்க வேண்டாமென்றது. அதுவரை குறுக்கே நின்ற அமெரிக்கா ஒதுங்கிக்கொண்டது. 2014இல் ஐகேன் நிராகரித்தது. நிறுவனம் மறுபரிசீலனைக்குப் போயிற்று. அரசுகள் சொன்னதற்காக மட்டும் மறுக்க முடியாது, காரணத்தை நீங்களே ஆராய வேண்டுமென்று 2017இல் நடுவர்களில் பெரும்பான்மையோர் கூறினர். 2019இல் ஐகேன் இணங்கியது. 2020இல் பெயர் பட்டியலேறியது. படகோனியா என்ற துணி நிறுவனமோ அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்த்ததும் 2013இலேயே விலகிக்கொண்டது.

சரி, உள்ளூர் தோற்றது, உலகம் வென்றது என்று கதையை முடித்துவிடலாமா? அவ்வளவு லேசில்லை. ‘உள்ளூர்’ என்று மேடையேறியவை அரசுகள். 2013இல் ஆற்றின் பெயருக்காக வாதாடிய அதே பிரேசில் அரசு, அதே ஆண்டுகளில் பழங்குடிகளின் எதிர்ப்பை மீறி, அமேசானோடு கலக்கும் ஷிங்குவின் குறுக்கே பெலோ மோன்ச்சி அணையைக் கட்டிக்கொண்டிருந்தது. பெயரே கூட உள்ளூர்ச் சரக்கில்லை: 1542இல் அதில் மிதந்துபோன ஒரெயானா என்ற ஸ்பானியன் பெண்களோடும் சண்டையிட்டானாம், அதனால் கிரேக்கப் புராணத்துப் போர்ப்பெண்களின் பெயர் ஆற்றின்மேல் ஒட்டிக்கொண்டது என்பார்கள். பிரேசிலுக்குள்ளேயே மனாவுஸ் வரைக்கும் அந்த ஆறு சொலிமொயிஸ்.

இத்தனையும் தெரிந்தே நான் அந்த எட்டு அரசுகளின் பக்கம் நிற்கிறேன். அணை கட்டிய அரசை அந்த ஊர்க்காரன் ஓட்டுப்போட்டுக் கவிழ்க்கலாம், வழக்குப் போட்டு இழுத்தடிக்கலாம். ஷிங்குக் கரையில் வழக்குகள் நடந்தன, வேலையும் பலமுறை நின்றது. மூலப் பட்டியலுக்கு முன்னால் அவன் யாரும் இல்லை. அவனை எண்ணுவதற்கு அதில் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.