தெளிந்த நீரெல்லாம் குடிநீரா?

புதுக்கடையில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அண்மையில் தங்கள் விஞ்ஞானப் பாடச் செயற்பாடொன்றைத் தாய்மாருக்குச் செய்து காட்டினார்கள். வெறும் பிளாஸ்டிக் போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, வாய்ப்பக்கம் பஞ்சு வைத்தார்கள். அதன்மேல் இடித்த சிரட்டைக்கரி, பிறகு குறுமணல், பருமணல், எல்லாவற்றுக்கும் மேலே சிறு கற்கள். முதலில் ஊற்றிய நீர் கரித்தூளோடு கறுப்பாகவே வந்தது. மணலையும் கரியையும் நன்றாகக் கழுவி மீண்டும் அடுக்கியபின், சேற்று நீர் தெளிந்து சொட்டியது.

வன்னியிலிருந்து வந்த தாயொருவர் அதைப் பார்த்துக் கலங்கிப் போனார். இடம்பெயர்ந்த நாட்களில் இது தெரியாமல், குளத்து நீரைச் சேலைத் துணியில் வடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேனே என்றார்.

அவர் வருந்த வேண்டியதில்லை. பங்களாதேஷில் மத்லாப் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையை எட்டு மடிப்பாக்கிக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடித்தபோது, வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இந்த ஆய்வு 2003 இல் வெளியானது. வாந்திபேதிக் கிருமிகள் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களோடு ஒட்டியிருப்பதால் துணியில் சிக்கிவிடுகின்றன. ஒன்றுமில்லாத வேளையில் அந்தத் தாய் செய்தது நல்ல காரியமே.

ஆனால் துணியோ, போத்தல் வடியோ நீரைக் குடிநீராக்கி விடாது. நெருப்புக்காய்ச்சலையும் செங்கண்மாரியையும் தரும் கிருமிகள் மணலினூடாகவும் தப்பி வரும். வடித்த நீரைக் கொப்புளித்துக் கொதிக்கவிட்டு, ஒரு நிமிடமாவது அடுப்பில் வைத்திருக்க வேண்டும். விறகில்லாவிட்டால், தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் படுக்க வைக்கலாம். மப்பும் மந்தாரமுமென்றால் இரண்டு நாள் வேண்டும். கலங்கல் நீருக்குள் வெயில் இறங்காது. முதலில் வடிப்பது அதற்காகத்தான். அம்பத்தளையில் களனி கங்கை நீரைச் சுத்திகரிப்பதும் இந்த ஒழுங்கில்தான்: சேற்றை அடையவிட்டு, மணலில் வடித்து, கடைசியில் குளோரின் சேர்க்கிறார்கள்.

உப்பையும், உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றையும் இந்த வடி பிடிக்காது. கொதிக்க வைத்தாலும் அவை போவதில்லை. கிணற்றில் எண்ணெய் கலந்தாலும் போத்தல் வடியை நம்ப முடியாது.

சுன்னாகத்துப் பெண்கள் இதை அனுபவித்தவர்கள். மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததால், சொந்த முற்றத்தில் கிணறிருந்தும் பவுசர் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்து நின்றார்கள். 2015 இல் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கு இதே புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி அந்த மின் நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. பல வீடுகளுக்குப் பங்கிடும்போது அது பெரிய தொகையல்ல. என்றாலும், கிணற்று நீர் கெட்டதைக் குடும்பத்தின் தலைவிதி என்று விடாமல், கெடுத்தவர் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது அந்தப் பெண்களுக்குச் சிறிய விடயமல்ல.

ஆகவே, மீளக்குடியேறிய வீட்டுக் கிணற்றில் எண்ணெய் மணமோ, நீரின்மேல் வானவில் நிறப் படலமோ தெரிந்தால் வடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காமல், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிட்டு, நீரைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். முறைப்பாட்டின் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.