கொம்புக்கு ஒரு பேரேடு, வாலுக்கு ஒரு பேரேடு

சோழபுரத்துப் பிள்ளைகளுக்குக் காண்டாமிருகம் பாடப்புத்தகப் படம்தான். ஆனாலும் எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் வரவு செலவைப் பார்க்குமுன் அதன் கணக்கைப் புரட்டுவது நல்லது. ஆசியாவில் அவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட விலங்குக் கணக்கு குறைவு.

2022 நிலவரப்படி ஒற்றைக்கொம்பன்கள் 4,014. இந்தியாவில் 3,262, நேபாளத்தில் 752. அசாமின் காசிரங்கா பூங்காவில் மட்டும் 2,613, அதாவது நூற்றுக்கு 65. பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் கரை மீறும் இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதலைப் போட்டுவைப்பது ஆபத்து. அதனால்தான் 2008 முதல் 2012 வரை 18 விலங்குகளை மானஸ் பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 2021 செப்டம்பரில் அசாம் அரசு, கருவூலத்தில் கிடந்த 2,479 கொம்புகளைத் தீயிட்டது. கொம்பின் விலையைப் பூஜ்யமாக்கிக் காட்டிய செலவு அது. மறு ஆண்டு அங்கே வேட்டைக்கு ஒன்றும் பலியாகவில்லை. வேறு இனங்களின் கணக்கோ இன்னும் மோசம்: ஜாவாவில் மிச்சம் ஏறத்தாழ 50. சுமத்ராவில் அவ்வளவுகூட இல்லை.

இனி நம் மலை. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் அமைந்த சாம்பல் நிற அணில் சரணாலயம் சுமார் 485 சதுர கி.மீ. 2021இல் மேகமலையோடு சேர்ந்து 1,016.57 சதுர கி.மீ. புலிகள் காப்பகமானது, நாட்டில் 51ஆவது, தமிழகத்தில் 5ஆவது. அணிலின் எடை இரண்டு கிலோவுக்குள். ஒரு காண்டாமிருகத்தைத் தராசில் ஏற்றினால் எதிர்த்தட்டில் ஆயிரம் அணிலாவது வேண்டும்!

மலையின் இன்னொரு விலங்கான வரையாட்டுக்குப் பணக்கணக்கு இருக்கிறது. நீலகிரி வரையாடு திட்டத்துக்குத் தமிழக அரசு ஒதுக்கியது ஐந்தாண்டுக்கு ரூ.25.14 கோடி. 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025இல் 1,303. தலைக்கு ரூ.1.93 லட்சம், ஆண்டுக்கென்றால் சுமார் ரூ.38,600. ஒரே ஆண்டில் 272 கூடியது என்றதும் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் முதல் ஆண்டு தேடியது 140 பகுதிகளில், அடுத்த ஆண்டு 177இல். வகுத்துப் பார்த்தால் இரண்டு ஆண்டும் பகுதிக்கு 7.36 ஆடுதான். குறையவில்லை என்பது நல்ல சேதி. பெருகியது என்று எழுத இன்னும் இரண்டு மூன்று கணக்கெடுப்பாவது ஆகட்டும்.

அணிலுக்கு இந்த வசதிகூட இல்லை. புல்வெளியில் நிற்கும் காண்டாமிருகத்தை யானை மேலிருந்து எண்ணிவிடலாம். அணிலோ மலையடிவாரச் செண்பகத்தோப்புப் பக்கம் மாமரத்திலும் புளியிலும் கிளைகள் ஒன்றோடொன்று கோக்கும் உயரத்தில் இலையும் சுள்ளியும் வைத்துக் கூடு கட்டும். ஆள் அரவம் கேட்டால் கிளையோடு கிளையாகப் படுத்துக்கொள்ளும். நரைத்த வால் மட்டும் தொங்கும். ஆகவே கூடுகளை எண்ண வேண்டியிருக்கிறது. ஓர் அணில் பல கூடு வைத்திருக்கும் என்பதால் அந்த எண்ணை அப்படியே தலைக்கணக்காக்க முடியாது.

சுற்றுலா வரவிலும் இதே கதை. காசிரங்காவுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். ஜீப்காரர், விடுதிக்காரர் எல்லார் கையிலும் அந்தக் காசு புரள்கிறது. இங்கே கூட்டம் வருவது அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி மகாலிங்கத்தைப் பார்க்க. செண்பகத்தோப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் காட்டழகரைக் கும்பிட. அணிலுக்கென்று வண்டி ஏறுபவர்கள் கேமராக்காரர்களும் ஆய்வு மாணவர்களும்தான். காட்டுக்கு அதனால் நிம்மதி என்பேன்.

ஆனால் செலவுப் பக்கம் ஒருவர் இருக்கிறார்: மலையடிவார மாந்தோப்புக்காரர். அணில் கடித்துப் போடும் காயும் அவர் கணக்கு, மரத்தை வெட்டாமல் வைத்திருப்பதும் அவர் கணக்கு. அவர் நாலு மரத்தைச் சாய்த்து இடைவெளி விட்டால், தரையிறங்க அஞ்சும் அணிலுக்கு வழி அறுந்துபோகும். காசிரங்கா ஜீப்காரருக்கு விலங்கால் வரவு. இவருக்குப் பற்று மட்டுமே. அணிலுக்கென்று நாளை பணம் ஒதுக்கினால் முதல் ரசீது அவர் பேரில் போடப்பட வேண்டும்.