மீன் காயும் முற்றமும் காற்று நுழையும் சுவரும்

திருவனந்தபுரத்தின் தென்கோடியில், கடலை ஒட்டியிருக்கிறது பூந்துறை. 1970-களின் நடுவில் அங்கே மீனவர்களுக்கு வீடு கட்டும் வேலை கட்டடக் கலைஞர் லாரி பேக்கரிடம் வந்தது. காலனி வீடு என்றால் இன்றும் நம் மனதில் வருவது லைன் வீடுகள்தான்: ஒரே அளவு, ஒரே பார்வை, முதல் வரிசை வாங்கும் காற்று மூன்றாம் வரிசைக்குப் போகாது. பேக்கர் வரிசையைக் கலைத்தார். ஒவ்வொரு வீட்டையும் அடுத்த வீட்டிலிருந்து சற்றே முன்னும் பின்னுமாகத் தள்ளிப் போட்டார். கடற்காற்று எல்லா வீட்டுக்கும் கிடைத்தது. அப்படித் தள்ளியதில் வீட்டு வாசலில் ஒரு முற்றமும் மிச்சமானது. வலையைப் பிரித்துத் தைக்கலாம், மீன் காயப்போடலாம், பிள்ளைகளை உள்ளிருந்தபடியே ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம். சுவர்களில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலி. சரிந்த கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ள ஒரு பரண்.

இதில் இயந்திரம் எதுவும் இல்லை. குடியிருப்பவர் பகலில் என்ன செய்வார், இரவில் எங்கே படுப்பார் என்று கேட்டதால் வந்த வரைபடம் இது. மின்சாரம் மிச்சமானது அதன் பின்விளைவு. ‘பசுமை வீடு’ என்று இன்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் சோலார் தகடு, கடைசியில்தான் மனிதர்.

பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவப் பணியில் இருந்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே வீடு கட்டப்பட வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசிவரை நினைவில் வைத்திருந்தார். தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகளைக் கட்ட இந்தியா வந்தவர், எலிசபெத் என்ற கேரள மருத்துவரை மணந்தார். இமயமலையடியில் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். தான் கல்லூரியில் படித்ததைவிட அந்த மலைக் கொத்தனார்களுக்கு அதிகம் தெரிந்திருக்கிறது என்பதை அங்கேதான் உணர்ந்தார். கேரளத்தில் குடியேறியது அதற்குப் பிறகு. பின்னர் இந்தியக் குடியுரிமை, 1990-இல் பத்மஸ்ரீ, 2007-இல் மறைவு.

வீடு எரிசக்தியை எப்போது சாப்பிடத் தொடங்குகிறது? ஃபேன் சுவிட்சைத் தட்டும்போது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் சிமென்ட் ஆலையின் சூளையில் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். இரும்புக் கம்பிக்கு அதற்கும் மேல். செங்கல்லுக்கும் சூளையில் விறகோ நிலக்கரியோ எரிகிறது. ஆக, கிரகப்பிரவேசத்துக்கு முன்பே வீட்டின் பேரில் பெரிய எரிபொருள் கணக்கு ஒன்று ஏறிவிடுகிறது. பேக்கர் சிக்கனம் பார்த்தது இந்த இடத்தில். தன் பிரியமான செங்கல்லையும் அவர் விட்டுவைக்கவில்லை. விறகுச் செலவை நினைத்தால் சுடாத மண்ணே மேல் என்று மண் வீட்டுக்காகவே ஒரு கையேடு எழுதினார்.

அவருடைய ‘ராட் டிராப்’ கட்டைப் பார்ப்போம். வழக்கமாகக் கொத்தனார் செங்கல்லைப் படுக்க வைப்பார். இதில் விளிம்பில் நிறுத்தி வைக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவருக்குள் பெட்டி பெட்டியாக வெற்றிடம் உண்டாகும். செங்கல் சுமார் 25 சதவீதம் குறையும், கலவையும் குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை அறைக்குள் சீக்கிரம் கடத்தாது. ஒரே உத்தியில் சூளைக்கும் மிச்சம், ஃபேனுக்கும் மிச்சம். பூச்சும் பெயின்ட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டால் சிமென்ட் இன்னும் குறையும்.

கூரையிலும் இதே புத்திதான். கான்கிரீட் தளத்தில் பாரம் ஏறும்போது மேல்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. இழுவையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா தொங்கும் எடை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை, ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் காற்று நிற்கும்படி வைத்தார் பேக்கர். நம் ஊரில் மே மாதம் மாடிப் போர்ஷனில் குடியிருப்பவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஜாலி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அலங்காரம் என்றே பலர் நினைக்கிறார்கள். மரச்சட்டம், கண்ணாடி, கிரில் எல்லாம் சேர்ந்த ஜன்னலுக்கு அதே அளவுச் சுவரைவிடப் பல மடங்கு செலவாகும். ஜாலி வெளிச்சமும் காற்றும் தரும், வெளியாள் பார்வையைத் தடுக்கும், திருடனையும் தடுக்கும். செலவோ சுவரைவிடக் குறைவு. அதோடு, கடற்கரை வெக்கையில் இரவுக்கும் பகலுக்கும் சூடு பெரிதாக மாறுவதில்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், காற்று ஓடினால்தான் வியர்வை காயும். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கணினிக் கட்டடத்துக்கு அவர் இரட்டைச் சுவர் கொடுத்தார். வெளியே வளைந்து வளைந்து போகும் செங்கல் ஜாலி, உள்ளே மூடிய அறை. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் அலுவலகமும் சாமான் அறைகளும்.

குறை இல்லாமலா? ஜாலி வழியே கொசு வரும், தூசி வரும். பூசாத செங்கல் நல்ல சூளையின் கல்லாக இல்லாவிட்டால் மழையில் பாசி பிடித்து அரிக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் கௌரவம். காலமெல்லாம் குடிசையில் இருந்தவர் பூசி வண்ணமடித்த மெத்தை வீட்டைக் கேட்டால் அதைத் தவறென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பூசாத செங்கல் வசதியுள்ளவர் வீட்டில் ரசனை, ஏழை வீட்டில் அரைகுறை வேலை. பேக்கர் பாணி மெல்ல மெல்லப் படித்த நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகிப் போனதில் இந்தப் பார்வைக்குப் பங்குண்டு.

அடுக்குமாடிக்கு இதெல்லாம் ஆகாது என்பது இன்னொரு பேச்சு. கேரள முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனன், பொருளியலாளர் கே. என். ராஜ் ஆகியோருடன் பேக்கரும் சேர்ந்து 1985-இல் தொடங்கிய ‘காஸ்ட்ஃபோர்டு’ அமைப்பு, திருவனந்தபுரம் கரிமடம் காலனியில் குடிசைவாசிகளுக்கு மாடிக் குடியிருப்புகளையே இந்த முறையில் கட்டியிருக்கிறது.

வீடுகளுக்கென்று மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதி, நம் ஊரைப் போன்ற வெப்பப் பகுதிகளில் சுவர், ஜன்னல் வழியே வரும் சூடு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்தச் சுவரைச் செய்ய எவ்வளவு எரித்தோம் என்ற கணக்கு அந்த அளவுகோலில் இல்லை.

பேக்கர் முறையில் கட்ட நினைப்பவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்: தமிழ்நாட்டில் கான்ட்ராக்டர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகவே ரேட் சொல்கிறார்கள். பூச்சை விட்டாலும் கல்லைக் குறைத்தாலும் மிச்சம் வீட்டுக்காரர் கைக்கு வருவதில்லை. அதனால் எஸ்டிமேட் வாங்கும்போதே கல், கலவை, பூச்சு, கொத்தனார் கூலி என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். மேஸ்திரிக்கு ராட் டிராப் கட்டு பழக்கமில்லை என்றால் முதலில் காம்பவுண்டுச் சுவரில் கட்டிப் பார்க்கச் சொல்லலாம்.