கத்தரிக்கோலுக்கு முன்பே நிகழும் விரயம்



பெருநாள் நெருங்கும் நாட்களில் எந்தத் தையற்கடைக்குச் சென்றாலும், தையற்காரரின் காலடியில் துணித்துண்டுகள் குவிந்து கிடப்பதைக் காண்பீர்கள். அவை நாம் காசு கொடுத்து வாங்கிய துணியின் ஒரு பகுதியே. ஆயினும் அவற்றைத் திருப்பிக் கேட்பவர் மிகச் சிலரே. பெரிய ஆடைத் தொழிற்சாலைகளிலும் இதே நிலைதான். வெட்டு மேசையில் விரிக்கப்படும் துணியில் ஏறத்தாழ 15 சதவீதம் ஆடையாக மாறாமலே கழிக்கப்படுவதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது.

இதற்குக் காரணம் என்ன? துணி நேராக நெய்யப்படுகின்றது. நாமோ அதனை வளைத்து வெட்டுகின்றோம். கழுத்து, தோள், கைக்குழி யாவும் வளைவுகள். வளைந்த துண்டுகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இடையே வெற்றிடம் விழவே செய்யும். அவ்வெற்றிடமே குப்பையாகின்றது.

மருதமுனைக் கைத்தறியில் நெய்யப்படும் சாரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரு முனைகளையும் சேர்த்து மூட்டினால் வேலை முடிந்தது. கழிவு என்று சொல்ல எதுவுமில்லை. ஹஜ்ஜுக்குச் செல்லும் ஆண்கள் அணியும் இஹ்ராம் துணிகள் இரண்டும் அத்தகையனவே. ஜப்பானியரின் கிமோனோவோ இதனினும் வியப்புக்குரியது. சுமார் 36 சென்ரிமீற்றர் அகலமும் 12 மீற்றர் நீளமும் கொண்ட ஒரே சுருள் துணியை நேர்கோடுகளாக மட்டுமே வெட்டி அதனைத் தைப்பர். கழுவ வேண்டுமாயின் தையலைப் பிரித்து, துண்டுகளைப் பழையபடி ஒரே துணியாக இணைத்துக் கழுவி, மீண்டும் ஆடையாக்கும் வழக்கம் அங்கு இருந்தது. தேய்ந்த பாகத்தை மறைவான இடத்துக்கு மாற்றித் தைக்கவும் அதனால் இயன்றது.

இப்பழைய அறிவையே இன்று “கழிவற்ற ஆடை வடிவமைப்பு” என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கின்றனர். ரிமோ ரிஸ்ஸனன், ஹொலி மெக்குயிலன் ஆகிய இருவரும் 2016 ஆம் ஆண்டு இதுபற்றி ஒரு நூலையே எழுதி வெளியிட்டனர். துணியின் அகலத்தை முதலில் அளந்து, அதற்குள் முழுமையாகப் பொருந்துமாறு மாதிரியை வரைவதே இதன் அடிப்படை. ஒரு துண்டின் வளைவு அடுத்த துண்டின் விளிம்பாகும். கழுத்துக்காக வெட்டியெடுத்தது சட்டைப் பையாகும். கேட்பதற்கு எளிது. ஆனால் ஒரே சட்டையை ஐந்து அளவுகளில் தைக்கும் தொழிற்சாலைக்கு இது பெருஞ்சிக்கல். ஓர் அளவு மாறினால் அடுக்கு முழுவதும் குலைந்து விடும். தனி ஒருவருக்காகத் தைக்கும் நமது ஊர்த் தையற்காரருக்கு அத்தடை இல்லை.

பழைய ஆடைகளின் நிலை வேறு. உடுத்த ஆடையை மீண்டும் நூலாக்கிப் புதிய ஆடை செய்வது இன்னும் அரிதாகவே நடைபெறுகின்றது. எலன் மக்ஆர்தர் அறக்கட்டளை 2017 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆடைக்குப் பயன்படும் மூலப்பொருளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே மீண்டும் ஆடையாகின்றது. பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணியைப் பிரித்தெடுப்பது கடினம் என்பது இதற்கான காரணங்களுள் ஒன்று. எனவே துணியைத் துணியாகவே பயன்படுத்துவதுதான் இலாபம். சேர்ட்டில் முதலில் நைவது கழுத்துப்பட்டியும் முழங்கையும். முதுகுப்புறம் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். பெரியவர் ஒருவரின் சேர்ட்டு முதுகில் சிறு பிள்ளைக்கு ஒரு மேற்சட்டை தாராளமாகத் தைக்கலாம். வங்காளப் பெண்கள் நைந்த சேலைகளை அடுக்கி, நெருங்கிய ஓட்டுத் தையலிட்டுக் காந்தா எனும் போர்வை செய்வதும் இவ்வகையினதே.

“பழையதை ஏழைகளுக்குக் கொடுத்து விடுகிறோமே” என்று நீங்கள் கூறலாம். 2004 கடற்கோளின் பின்னர் வெளிநாடுகளிலிருந்து நம் நாட்டுக்கு வந்த உதவிப் பொருட்களுள் குளிர்கால உடைகளும் இருந்தன. எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களுக்கு அவை சுமையாயினவே தவிர உதவியாகவில்லை. நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையைத் தாமே தைத்துக் கொள்வார்கள் என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கிழிந்ததைத் தைத்து, பொத்தானிட்டு, கழுவி மடித்துக் கொடுப்பதற்கு எத்தனை நிமிடம் செல்லும்?

இவ்வருடப் பெருநாளுக்குப் பிள்ளைகளின் உடுப்புக்கு அளவு கொடுக்கும்போது, கீழ் மடிப்பில் மூன்று விரல் துணி கூடுதலாக விடுமாறு தையற்காரரிடம் கூறுங்கள். அடுத்த வருடம் அதைப் பிரித்து இறக்கிக் கொள்ளலாம். எஞ்சிய துண்டுகளையும் கேட்டு வாங்கி வாருங்கள்.