பேய்க்கு என்ன நிறம் அடிக்கலாம்?

குட்டீஸ், கட்டை விரல் பாதி உயரத்தில் ஒரு பேய் பொம்மையைக் கொடுத்து, "வண்ணம் அடி" என்றால் எந்த நிறத்தை எடுப்பீர்கள்? வெள்ளை? கறுப்பு? இதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் பலர், பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தைத்தான் எடுக்கிறார்கள். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு பளிச்சென்று தெரியும் அல்லவா? ரத்தக்கறை நன்றாக எடுபடும்!

அவர்கள் வண்ணம் அடிப்பது ஸாம்பி பொம்மைகளுக்கு. இறந்த பிறகும் எழுந்து நடக்கும் பிணம்தான் ஸாம்பி. தாயம் போலப் பகடை உருட்டி, ஸாம்பிகளிடம் சிக்காமல் தப்பிக்கும் பலகை விளையாட்டுகள் உண்டு. 2012ல் வெளிவந்த 'ஸாம்பிசைட்' அப்படி ஒன்று. பெட்டி நிறைய குட்டி பிளாஸ்டிக் பொம்மைகள். ஒவ்வொன்றும் சுமார் 3 செ.மீ. உயரம். வண்ணம் அடிப்பது நம் வேலை.

எப்படி? முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்து, பொம்மையை ஒரு பாட்டில் மூடி மேல் ஒட்டிக்கொள்வார்கள். மூடியைத்தான் பிடிக்க வேண்டும். பொம்மையைத் தொட்டால் விரலில் உள்ள எண்ணெய்ப் பசை ஒட்டி, வண்ணம் பிடிக்காது. பிறகு மெல்லிய அடிப்பூச்சு, அதன் மேல் தோலுக்கும் துணிக்கும் நிறம்.

இனிமேல்தான் வேடிக்கை. பழுப்பு நிறத்தை டீத்தண்ணீர் போலக் கரைத்து மேலே விடுவார்கள். அது விலா எலும்பு இடுக்கு, கண்குழி, கிழிந்த சட்டை மடிப்பு எல்லாவற்றிலும் போய்த் தங்கி நிழலாகிவிடும். காய்ந்ததும், வெளிர் நிறம் தொட்ட தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு லேசாக வருடினால், மேடான இடங்கள் மட்டும் மின்னும். பெரிய சிலையில் வெளிச்சமும் நிழலும் தானாக விழும். இத்தனூண்டு பொம்மையில் நிழலையும் நாம்தான் வரைய வேண்டும்.

பயமாக இருக்கிறதா? ஸாம்பிக் கதை பிறந்த இடத்தைக் கேட்டால் பாவமாக இருக்கும். கரீபியக் கடலில் ஹைட்டி என்ற நாடு. 1804ல் விடுதலை பெறும் முன், அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்துப் பிரெஞ்சுக்காரர்கள் வேலை வாங்கினார்கள். 'செத்தாலாவது விடுதலை' என்று ஏங்கியவர்களுக்கு, செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்கினால்? அந்தப் பயம்தான் ஹைட்டியின் ஸாம்பி. அது யாரையும் கடிக்காது. சொன்ன வேலையைச் செய்யும், அவ்வளவுதான். மனிதர்களைத் தின்னும் பிணங்கள் பிரபலமானது 1968ல் வந்த அமெரிக்கப் படம் ஒன்றால். அதுவோ கறுப்பு வெள்ளைப் படம்! நிறத்தை யார் வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம்.

நம் ஊரிலும் ஒரு பேய் உருவம் உண்டு. காரைக்கால் அம்மையார் தாமே கேட்டுப் பெற்றது அது. ஒட்டிய வயிறு, துருத்திய எலும்பு, கையில் தாளம், முகத்தில் சிரிப்பு என்று ஒரு சாண் உயர வெண்கலச் சிலை, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அம்மையார் பாடியபடி அமர்ந்த இடம் திருவாலங்காடு. நடராஜரின் ஐந்து சபைகளில் அது ரத்தின சபை.

ஐந்தில் இன்னொன்று தென்காசிக்குப் பக்கத்திலேயே, குற்றாலத்தில் இருக்கிறது. சித்திர சபை! அருவியில் குளித்த கையோடு பஸ் ஏறிவிடாமல் எட்டிப் பாருங்கள். இங்கே நடராஜரே ஓவியம்தான். சுற்றிலும் சுவர் நிறைய ஓவியங்கள். தட்டையான சுவரில் இடுக்கும் மேடும் கிடையாது. கோட்டையும் நிறத்தையும் வைத்தே கண்ணையும் கையையும் உயிரோடு காட்டியிருக்கிறார்கள். பொம்மைக்குச் சொன்ன விதி இங்கேயும் உண்டு: விரல் படக்கூடாது. சாரல் ஈரமே அந்த வண்ணங்களுக்குப் பெரிய சோதனை.

ஸாம்பி பொம்மை விலை அதிகம். களிமண்ணில் நீங்களே பிடியுங்கள். நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். வெடித்தாலும் பரவாயில்லை, ஸாம்பிதானே!