உப்பு வெட்டியவனும் பொன் எண்ணியவனும்

சகாராவின் பழைய வணிகப் பாதை என்றாலே மாலிப் பேரரசர் மன்சா மூசாவின் பெயர்தான் முதலில் வரும். 1324-இல் மெக்கா போகும் வழியில் கெய்ரோவில் அவர் வாரியிறைத்த பொன்னால் அங்கே தங்கத்தின் மதிப்பு சரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகியும் அது மீளவில்லை என்று அக்கால அரபு எழுத்தாளர் அல் உமரி எழுதிவைத்தார். அந்தப் பொன்னை வடக்கே இழுத்தவற்றில் முக்கியமானது, வடக்கேயிருந்து போன உப்பு. கடலுக்கு எட்டாத உள்நாட்டில் உப்புக்குப் பெரும் கிராக்கி. பாதையில் புழங்கும் செல்வம் சரக்கு விளையும் இடத்தைவிடக் கைமாறும் இடத்தில்தான் சேர்கிறது என்பதற்கு இந்த உப்பைவிட நல்ல சாட்சி கிடையாது.

1352-இல் தகாசா என்ற உப்புச் சுரங்க ஊர் வழியாக மொராக்கோப் பயணி இபின் பதூதா போனார். வீடுகளும் மசூதியும் உப்புக் கட்டிகளால் எழுப்பியவை. கூரைக்கு ஒட்டகத் தோல். பேருக்குக்கூட ஒரு மரமில்லை. பாளம் பாளமாக உப்பை வெட்டியெடுத்தவர்கள் மசூஃபா இனத்தாரின் அடிமைகள். பேரீச்சம்பழம் வடக்கேயிருந்தும் சிறுதானியம் தெற்கேயிருந்தும் வந்தால்தான் அவர்களுக்குச் சாப்பாடு. இரண்டு பாளம் ஓர் ஒட்டகச் சுமை. அந்தச் சுமை பாலைவனத்தின் தெற்கு விளிம்பிலுள்ள வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் பொன்னுக்குப் போனது. மாலியின் தலைநகரில் 20, 30, சில சமயம் 40. மித்கால் என்பது சுமார் நாலேகால் கிராம். வழியெல்லாம் ஏறிய இந்த விலையில் வெட்டியவனுக்குப் பங்கில்லை. ஒட்டகச் சுமை நைஜர் ஆற்றுப் படகுக்கு மாறிய திம்புக்துவோ செழித்தது. சங்கோரே மசூதியைச் சுற்றிக் கல்வி வளர்ந்தது. அங்கே மற்றச் சரக்குகளைவிடப் புத்தக விற்பனையில் லாபம் அதிகம் என்று 16-ஆம் நூற்றாண்டில் பயணி லியோ ஆப்பிரிக்கானஸ் எழுதினார். அதே பாதையில் மனிதர்களும் விலைபோனார்கள் என்பதை மறந்துவிட்டு அந்தப் பெருமையைப் பேசக்கூடாது.

உற்பத்தி செய்தவர்களுக்குப் பிடியே இல்லையா என்று கேட்கலாம். பொன் எடுத்த மக்களிடம் இஸ்லாத்தைப் பரப்ப மாலி மன்னர்கள் முயன்றபோது பொன் வரத்து குறைந்ததாம். அதனால் மன்னர்கள் அம்மக்களை அவர்கள் போக்கிலேயே விட்டுவிட்டதாக அல் உமரி சொல்கிறார். ஆனால் பொன் எடுத்தவர்கள் சொந்த மண்ணில் வாழ்ந்தவர்கள். சோற்றுக்கே ஒட்டகக் கூட்டத்தை எதிர்பார்த்த தகாசா அடிமைகளுக்கு அந்தப் பிடி எங்கிருந்து வரும்? கைமாறும் ஊரின் செல்வம் நிலையானதா என்ற கேள்வியும் நியாயமானது. 1482-இல் போர்ச்சுகீசியர் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் எல்மினாவில் கோட்டை கட்டியதும் பொன்னில் ஒரு பங்கு கடல் பக்கம் திரும்பியது. 1591-இல் மொராக்கோப் படை திம்புக்துவைப் பிடித்தது. நகரம் நலிந்தது உண்மைதான். ஆனாலும் தகாசா 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைவிடப்பட்டுவிட, அதற்குப் பதிலாக எழுந்த தவுதென்னிச் சுரங்கத்தின் உப்புப் பாளங்கள் இந்த நூற்றாண்டிலும் திம்புக்துவுக்கு வந்துதான் விலையாகின்றன.